ரோனானின் வலது காது

மார்ச் 4, செவ்வாய்

ஆறாம் வகுப்புக்கு இன்று காதைப் பற்றிப் பாடம். வருஷா வருஷம் நடத்துவதுதான். ஹெட்போனைச் சத்தமாக வைக்காதீர்கள், கச்சேரிக்குப் போனால் காதை அடைத்துக்கொள்ளுங்கள், போன காது திரும்பி வராது என்று சொல்லிவிட்டு, மஞ்சள் நுரை அடைப்பான்களை ஆளுக்கு ஒரு ஜோடி கொடுத்தேன். பாதிப் பேர் அதை மூக்கில் செருகிக்கொண்டார்கள். இசை டீச்சர் வேலை என்றால் இதுதான்.

சாயங்காலம் ரிகர்சல். மெதெரிக்கின் மாமா விட்டுப்போன மெக்கானிக் ஷெட், கால்வாய் ஓரம். இன்னும் டயர் நாற்றம் போகவில்லை. எங்கள் குழுவுக்கு 'லே ஜெரிக்கான்' என்று பெயர் வைத்ததே அங்கே மூலையில் கிடந்த பெட்ரோல் தகரங்களைப் பார்த்துத்தான். பிளாந்தின் பாட்டும் கிடாரும், மெதெரிக் பாஸ், நான் பழைய எலக்ட்ரிக் ஆர்கன், என் தம்பி ரோனான் டிரம்ஸ். அறுபதுகளில் பையன்கள் கார் ஷெட்டில் நின்று நாலு நரம்பை முறுக்கிக்கொண்டு கத்தினார்களே, அந்த ராக்தான் எங்கள் ராக். அதையே இத்தனை வருஷம் வாசித்தும், எங்கள் ஊர் லெ ஹாவ்ரைத் தாண்டி எவனும் சீண்டவில்லை.

அதனால் இன்று என் எலக்ட்ரானிக் தாள இயந்திரத்தைக் கொண்டுபோனேன். அடியில் அது தாளமும் உறுமலும் போடும், மேலே நாங்கள். இரண்டும் கலந்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. ஒரே ஒரு சிக்கல். இயந்திரம் ஒரே வேகத்தில் போகும், ரோனானோ உற்சாகம் வந்தால் வேகமெடுத்து ஓடுவான். அவனை இழுத்துப் பிடிக்க வலது காதில் ஒரு இயர்போன், அதில் டிக் டிக் என்று இயந்திரத்தின் தாளம் மட்டும்.

"அக்கா, இவனுக்கு ரத்தமே கிடையாதா? நான் ஓடினாலும் ஓட மாட்டேங்கறான்."

டிக் டிக்கின் வால்யூம் குமிழ் என் ஆர்கன் பக்கத்தில் இருக்கிறது. பக்கத்தில் வெள்ளை டேப் ஒட்டி ஒரு சிவப்புக் கோடு போட்டேன். இதற்கு மேல் ஏற்ற மாட்டேன் என்று சொன்னேன். "சரிங்க டீச்சர்" என்றான். அவனுக்குக் கையும் காலும் வேலையாக இருக்கும், வாய் திறந்தாலும் எனக்குக் கேட்காது. ஆகவே முகவாயைத் தூக்கினால் ஏற்று என்று அர்த்தம்.

மார்ச் 9, ஞாயிறு

புதுப் பாட்டு பிடிபட்டுவிட்டது. பிளாந்தின் வாசித்து முடித்ததும் அழுதாள், பிறகு அழவே இல்லை என்று சாதித்தாள்.

மார்ச் 22, சனி

ரூவானில் ஒரு பாரில் வாசித்தோம். மேடையேறும் முன் வழக்கம்போல ஒருவர் காதில் ஒருவர் 'பீ' என்று சொல்லிக்கொண்டோம், மேடைக்காரர்களுக்கு அதுதான் வாழ்த்து. பதிலுக்கு நன்றி சொல்லக் கூடாது, சொன்னால் அன்றைக்கு விளங்காது. மெதெரிக் ஒருமுறை நன்றி சொல்லி, மூன்றாவது பாட்டில் ஆம்ப் புகைந்தது. இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் அவனை ஓட்டுகிறோம்.

கூட்டம் ஆடியது. நின்று கேட்கவில்லை, ஆடியது! ரோனான் ஐந்தாறு தடவை முகவாயைத் தூக்கினான். குமிழ் சிவப்புக் கோட்டில் போய் நின்றது. பார் சின்னது, அவனுக்குத் தன் சிம்பல் சத்தத்தில் டிக் டிக் கேட்டிருக்காது. நியாயம்தான்.

பாரிஸிலிருந்து ஒருத்தர் வந்திருந்தாராம், ரெக்கார்ட் கம்பெனிக்காரர். எங்களிடம் ஒன்றும் பேசவில்லை. பிளாந்தினின் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

ஏப்ரல் 10, வியாழன்

கிடைத்துவிட்டது!

ஜூன் கடைசியில் பாரிஸில் ஆல்பம். நாலு பேரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், அந்தக் காலம் மாதிரி. அதற்கப்புறம் தனித்தனியாகப் பதிந்து ஒட்டுப்போடுவது கிடையாது. ஆனால் இயந்திரம் கட்டாயம் வேண்டும், இயந்திரமும் மனுஷனும் மல்லுக்கட்டுகிற அந்தச் சத்தம்தான் வேண்டும் என்று அந்தப் பாரிஸ்காரர் சொல்லிவிட்டார். நான் கொண்டுவந்த இயந்திரம்! எனக்கு முப்பத்தாறு வயது. இனிமேல் யாராவது கூப்பிடுவார்கள் என்று நானே நினைக்கவில்லை.

அம்மா வீட்டில் எல்லோரும் கூடினோம். அம்மா கடல் நத்தை வேகவைத்து மயோனைஸ் அடித்து வைத்திருந்தாள். சிடார் என்கிற ஆப்பிள் மது பாட்டில் திறந்தோம். பேச்சுக்கு நடுவில் ரோனான், கெட்டிலை அணைம்மா, காதைத் துளைக்குது என்றான்.

"எந்தக் கெட்டில்டா? அடுப்பே பத்த வெக்கல."

எல்லோரும் சிரித்தோம். ரோனானும் சிரித்தான். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

டேப்பை உரித்துவிட்டேன். ஓரம் கிளம்பி விரலில் ஒட்டிக்கொண்டே இருந்தது, வாசிக்கும்போது தொந்தரவு. குமிழ் எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குக் கைக்கணக்கே தெரியும்.

மே 16, வெள்ளி

சண்டை.

ஒரு ரிகர்சலாவது இயந்திரம் இல்லாமல் வாசிக்கலாமா என்று ரோனான் கேட்டான். காதில் விசில் சத்தம் விடாமல் இருக்கிறதாம், வேலையில் இருக்கும்போதும் கேட்கிறதாம். அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். மேலே கூண்டில் உட்கார்ந்தால் கீழே இருப்பவர்கள் சொல்வது ரேடியோவில் வரும். விசிலும் ரேடியோவும் கலந்துபோகுதுக்கா என்றான்.

இன்னும் ஐந்து வாரத்தில் ஆல்பம், இப்போது போய் இயந்திரம் இல்லாமல் வாசித்துப் பழகினால் மறுபடி ஓட ஆரம்பிப்பாய் என்று நான் சொன்னேன். கச்சேரிக்காரன் காதில் விசில் அடிக்காமல் வேறென்ன அடிக்கும், எனக்கும்தான் அடிக்கிறது என்றேன். எனக்கு அடிப்பது கச்சேரி முடிந்த ராத்திரி மட்டும். அதை நான் சொல்லவில்லை.

டாக்டரிடம் போயேன்டா என்று மெதெரிக் சொன்னான். ரோனானுக்கு அதுதான் பயம். செப்டம்பரில் துறைமுகத்தில் எல்லோருக்கும் உடம்புப் பரிசோதனை. அதற்குள் எங்காவது காது மோசம் என்று எழுதிவிட்டால் கூண்டிலிருந்து இறக்கிவிடுவார்களாம். அப்படியென்றால் சும்மா விடு, தானாகச் சரியாகும் என்றேன். அவனுக்கும் அதைக் கேட்க ஆசைதான். சட்டென்று முகம் தெளிந்துவிட்டது.

பள்ளிக்கூடத்து மஞ்சள் அடைப்பான் பையில் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். அதை இடது காதில் வைத்துக்கொண்டு வாசித்தான். அப்புறம் எல்லாச் சத்தத்தையும் வலது காதே வாங்க வேண்டியிருந்ததால் டிக் டிக் சரியாகப் பிடிபடாமல், மறுபடி முகவாயைத் தூக்கினான்.

ஏற்றினேன். கேட்டான், ஏற்றினேன். இதில் என்ன தப்பு?

ஜூன் 3, செவ்வாய்

பிள்ளைகளுக்குப் பரீட்சை. 'போன காது திரும்பி வராது' என்று ஒரு பெண் என் வாக்கியத்தை அப்படியே எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன்.

ஜூன் 21, சனி

இசை நாள். ஊரே தெருவில். சான் பிரான்ஸுவா பேட்டையில் எங்கள் அம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, பாலத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்தோம். அப்பா காலத்தில் மேற்குக் கரையிலிருந்து வந்து குடியேறிய பிரெத்தோன்காரர்கள் எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பழைய மாலுமிகள், இறால் விற்கிற லோய்ஸா அம்மாள், எல்லோரும். வெயில் சாய மனமில்லாமல் நின்றது. வறுத்த சாஸேஜ் புகை கண்ணில் ஏறியது.

எதிர்த்த பாரின் வாசலில் வேறொரு கும்பல் பெரிய பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கி வைத்து டெக்னோ போட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் ஏற்ற, அவர்கள் ஏற்ற. ரோனான் முகவாயைத் தூக்கினான், நான் திருப்பினேன். மறுபடி தூக்கினான், மறுபடி திருப்பினேன். கடைசிப் பாட்டுக்கு முந்தின பாட்டில் குமிழ் முட்டி நின்றுவிட்டது. இனித் திருப்ப இடமில்லை. அவன் இன்னமும் முகவாயைத் தூக்கிக்கொண்டே இருந்தான். நான் கையை விரித்துக் காட்டினேன். அவன் சிரித்துவிட்டு வாசித்தான், எப்படி வாசித்தான்! எதிர்ப்பக்கத்துக் கூட்டம் பூரா எங்கள் பக்கம் வந்துவிட்டது.

முடிந்ததும் எல்லோரும் கட்டிப்பிடித்துக் கூத்தாட, அவன் மட்டும் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே இருந்தான். வலது காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கிப் பார்த்தான். மறுபடி சொடுக்கினான்.

"அக்கா, இந்தப் பக்கம் யாரோ கதவைச் சாத்திட்டாங்க."

ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போகலாமா என்று கேட்டான். அவனாகவே கேட்டான். கிரேனைப் பற்றியெல்லாம் யோசிக்கவில்லை, அவ்வளவு பயம் முகத்தில்.

திங்கட்கிழமை ஸ்டுடியோ. இப்போது போனால் ஒரு வாரம் சத்தமே கூடாது என்பார்கள், பாரிஸ்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். இதெல்லாம் என் தலைக்குள் ஒரு நொடியில் ஓடியது. அவனிடம் சொன்னது வேறு.

"தூங்கி எழுந்தா சரியாயிடும்டா. எனக்கும் ஆகியிருக்கு."

ஆனதில்லை. ஒருநாளும் ஆனதில்லை. ஆனால் நான் சொன்னதும் தலையாட்டினான். சின்ன வயசிலிருந்தே நான் சொன்னால் சரி அவனுக்கு.

ஜூன் 22, ஞாயிறு

சரியாகவில்லை. ஒரு வாரம் பொறுத்துக்கோ என்றேன். நாளைக் காலை ரயில்.

ஜூன் 26, வியாழன்

ஆல்பம் முடிந்தது. நாலு நாளில் முடித்துவிட்டோம்.

முதல் நாள் ரோனான் இயர்போனை எடுத்து இடது காதில் மாட்டிக்கொண்டான். பிளாந்தின் என்னைப் பார்த்தாள், நான் ஆர்கனின் ஒயரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். குமிழை இந்த முறை பாதிக்கு மேல் ஏற்றவில்லை. அவ்வளவு அக்கறை எனக்கு!

கடைசிப் பாட்டில் அவன் இயந்திரத்தை முந்தப் பார்த்தான். அது இழுத்துப் பிடிக்க, இவன் திமிர, விழுந்துவிடுவான் விழுந்துவிடுவான் என்று நான் பதற, விழாமல் கொண்டுபோய் நிறுத்தினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாரிஸ்காரர் எழுந்து நின்றுவிட்டார். இதற்குத்தான் நான் அலைந்தேன் என்றார். எங்கள் வாழ்க்கையில் நாங்கள் இவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. அதுவும் உண்மைதான்.

ரயிலில் வரும்போது எல்லோரும் பேசினோம், ரோனான் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தூங்குகிறான் என்று நினைத்தேன். இறங்கும்போதுதான் தெரிந்தது, தூங்கவே இல்லை.

ஜூலை 3, வியாழன்

காது டாக்டரிடம் போனோம். நான்தான் கூட்டிப்போனேன், இப்போது.

கண்ணாடி அறையில் அவனை உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். இடது பக்கத்துக்குத் தூக்கினான், கொஞ்சம் தாமதமாக. வலது பக்கத்துக்கு மடியில் கை அப்படியே இருந்தது. நான் வெளியே நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்குடா, தூக்குடா, தூக்கித் தொலைடா.

டாக்டரம்மா நல்லவர். காதுக்குள் நுண்ணிய மயிர்கள் உண்டு, அதிகச் சத்தத்தில் மடிந்தால் மறுபடி முளைக்காது என்று படம் காட்டி விளக்கினார். எனக்குத் தெரியும். வருஷா வருஷம் நான் போர்டில் வரைகிற அதே படம். எப்போது ஆனது என்று கேட்டார். இசை நாளில் என்றான். அப்புறம் ஏன் இவ்வளவு நாள்?

"மொதல் ரெண்டு மூணு நாள்லயே வந்திருந்தா மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம். சரியாயிருக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா பார்த்திருக்கலாம்."

ரோனான் என் பக்கம் திரும்பவில்லை. வேலை இருந்தது டாக்டர், நான்தான் தள்ளிப்போட்டுட்டேன் என்றான். நான்தான் என்றான்! பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். வாயைத் திறக்கவில்லை.

திரும்பும்போது அவன்தான் கார் ஓட்டினான், இடது பக்கம் ஸ்டியரிங்கில் அவன், வலது பக்கத்து இருக்கையில் நான். ஏதோ சொன்னேன், பதில் இல்லை. கோபம் என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, நான் அவனுடைய வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், அவனுக்குக் கேட்கவே இல்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன்.

ஜூலை 14, திங்கள்

கடற்கரையில் வாணவேடிக்கை. ரோனான் வரவில்லை. அவன் ஏண்டி வரல என்று அம்மா கேட்டாள். தெரியாதும்மா என்றேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

துறைமுகப் பரிசோதனை முடிந்தது. கூண்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். இனி ஸ்டோர் ரூமில் உதிரி சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. மேலே இருந்து பார்த்தால் ஆற்று முகத்துவாரம் முழுக்கத் தெரியும், அந்தப் பக்கம் ஓன்ஃப்ளூர் வரைக்கும் என்று பெருமையடித்துக்கொண்டே இருப்பான். இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை.

வேலை முடிந்ததும் கடற்கரைக்குப் போய்விடுகிறான். அலை திரும்பும்போது கூழாங்கற்களை உருட்டிக்கொண்டு போகிற சத்தத்தில் அந்த விசில் மறைந்துவிடுகிறதாம். அந்த ஒரு இடத்தில்தான் நிம்மதி என்று மெதெரிக்கிடம் சொல்லியிருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

டூருக்கு வேறு டிரம்ஸ்காரனைப் போடலாம் என்று நான் பேச்செடுத்ததும் பிளாந்தின் வெடித்துவிட்டாள். அவள் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது எனக்குத் தெரியும்.

"குமிழ் உன் கையிலதானடி இருந்துச்சு? நாங்க யாரும் பார்க்கலைன்னு நெனச்சியா?"

அவன் கேட்டான், நான் ஏற்றினேன் என்றேன். உங்களுக்கும்தானே ஆல்பம் வேண்டியிருந்தது என்றேன். அவள் அழ ஆரம்பித்தாள், இந்த முறை அழவே இல்லை என்று சாதிக்கவில்லை. நான் பழியில் அவளையும் இழுத்துவிட்டேன், அவ்வளவுதான். இதனால் என்ன லாபம் எனக்கு?

அக்டோபர் 18, சனி

வேறு ஆள் வேண்டாம் என்று ரோனானே சொல்லிவிட்டான். அவன் ஸ்டுடியோவில் அடித்ததைப் பிரித்தெடுத்து இயந்திரத்தில் ஏற்றச் சொன்னான். ஏற்றினேன். மேடையில் இன்று மூன்றே பேர், நடுவில் யாரும் உட்காராத டிரம்ஸ்.

தொடங்கும் முன் ஓரத்தில் வந்து நின்றான், துறைமுகத்தில் போடுகிற பெரிய காது மூடியோடு. என் காதில் 'பீ' என்றான். நன்றிடா என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது. பிளாந்தின் முறைத்தாள். அவனுக்குக் கேட்டிருக்காது. ஒன்றும் புகையவில்லை, ஒன்றும் உடையவில்லை, கச்சேரி பிரமாதமாகப் போனது.

மூன்றாவது பாட்டில் கூட்டத்தோடு சேர்ந்து நாங்கள் மூவரும் வேகமெடுத்தோம். இயந்திரத்துக்குள் இருக்கிற ரோனான் எடுக்கவில்லை. நாங்கள் ஓடினாலும் அவன் இப்போது ஓட மாட்டேன் என்கிறான்.

நவம்பர் 7, வெள்ளி

ஆல்பம் வெளிவந்தது. ரேடியோவில் அரை மணி நேரம் எங்களைப் பற்றியே பேசினார்கள். கடைசிப் பாட்டின் டிரம்ஸை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டி, இந்த வாசிப்பில் ஏதோ உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற வேகம் இருக்கிறது என்றார் ஒருவர். ரேடியோவை அணைத்துவிட்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

அம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. பிளாந்தினும் மெதெரிக்கும் வந்தார்கள். அம்மா சிப்பியும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்திருந்தாள். எல்லோரும் ரோனானுக்கு இடது பக்கமாக உட்காரப் பழகிவிட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக நாற்காலியை நகர்த்திக்கொள்கிறார்கள். நான் கடைசியாகப் போனேன், அவனுக்கு வலது பக்கம்தான் மிச்சம்.

வசந்தத்தில் ஜெர்மனியில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மெதெரிக் சொன்னான். ரோனானுக்கு உண்மையிலேயே சந்தோஷம். எப்படி இவனால் சந்தோஷப்பட முடிகிறது? என் டிரம்ஸை ஜாக்கிரதையாகத் தூக்கிட்டுப் போங்கடா, இயந்திரத்துக்குள்ள இருக்கற எனக்கு அங்கே சோறு தண்ணி கூட வேணாம் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிப்பி ஓடுகள் தட்டில் விழுகிற சத்தத்துக்கு அவன் லேசாகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை.

"என்னாலதான்டா. அன்னிக்கே கூட்டிட்டுப் போயிருக்கணும்."

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது ஓரக்கண்ணில் தெரிந்திருக்க வேண்டும். என் பக்கம் திரும்பினான். முகவாயைத் தூக்கினான்.

என் கை தானாக மேசைமேல் போய்விட்டது. குமிழைத் தேடிக்கொண்டு. முட்கரண்டியும் துடைக்கும் துணியும்தான் கையில் பட்டன.

எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அம்மா பார்த்தாள், பிளாந்தின் பார்த்தாள். அவன் இன்னும் முகவாயைத் தூக்கியபடி காத்துக்கொண்டிருந்தான், சிரித்த முகமாக, சத்தமாகச் சொல்லு என்று. சொல்லிவிடலாம். எல்லோருக்கும் கேட்கும்படி ஒரே தடவை.

"ரொட்டிய இந்தப் பக்கம் தள்ளுன்னேன்."

தள்ளினான்.

"ரொட்டிக்கா இப்படி முழிக்கறே?" என்றான்.

ஆமாம் என்றேன். அதைச் சத்தமாகவே சொன்னேன்.